மழைக்கு முன் நாலு மட்ஃபிளாப்: கொஞ்சம் நீளமான பதிவு

 

வடகீழ்ப் பருவமழை தொடங்கப் போகிறது. யாழ்ப்பாணத்துக்கு வருடத்தில் கிடைக்கிற மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான் கொட்டும். வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லாத ஊர். நகரத்து ஒழுங்கைகளில் விழுகிற தண்ணீர் வடிய இடமில்லாமல் நாள்கணக்கில் நிற்கும். அந்தத் தண்ணீருக்குள்ளால் வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் சைக்கிளில் போவார்கள். அதனால்தான் இப்போதே இதை எழுதுகிறோம். போன மழைக்குள் எங்கள் வீட்டுக் கார் ஒன்றால் நடந்ததையும், அதற்குப் பிறகு நாங்கள் செய்ததையும் பலர் நேரில் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது.

எங்கள் மருமகனிடம் ஒரு சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். இருக்கிறது. கொழும்பில் வேலை செய்து சேர்த்த காசில் வாங்கியது, பழைய மொடல். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்று உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட காலத்தில் அவன் அந்தக் காரைக் கண்ணைப் போலப் பார்த்தான். நாலு சில்லுக்கும் இழுவை போகிற கார், டேர்போ என்ஜின், அகலமான ரயர். போதாததற்கு, சில்லை வெளியே தள்ளி வைக்கிற ஸ்பேசரும் போட்டிருந்தான். முன்னே இருந்த சொந்தக்காரர் மட்ஃபிளாப்பைக் கழற்றிவிட்டே விற்றிருந்தார்.

போன கார்த்திகையில் ஒரு நாள், பாடசாலை விடுகிற நேரம், ஒன்றரை மணி. வீதி ஓரத்துக் கிறவலில் நிறுத்தியிருந்த காரை அவன் கொஞ்சம் வேகமாக எடுத்தான். பின்னால் சைக்கிளில் வந்த பிள்ளை எங்களிடம் பத்தாம் ஆண்டு படிக்கிறவன். கிறவலுக்குள் கிடந்த சல்லிக்கல் ஒன்று பறந்து போய் அவனுடைய மூக்குக்கண்ணாடியில் பட்டது. ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து, புருவத்துக்கு மேலே கீறியது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அன்று பின்னேரம் மருமகனையும் கூட்டிக்கொண்டு பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். தகப்பன் கடற்தொழில் செய்கிறவர். சத்தம் போடுவார் என்று நினைத்துத்தான் போனோம். அவர் கதிரை எடுத்துப் போட்டு இருக்கச் சொன்னார், தேத்தண்ணி வந்தது. “சேர், பிள்ளையின்ர கண் தப்பினது, அது காணும்” என்றார். கண்ணாடிக்கு நாங்கள் கொடுத்த காசை இரண்டு முறை தள்ளிவிட்டு மூன்றாம் முறை வாங்கினார். வெளிக்கிடும்போது மருமகனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, இவ்வளவு காசு போட்டு வாங்கின காருக்கு ஒரு மட்ஃபிளாப் போட ஏலாதா?”

அவன் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும்வரைக்கும் பேசவேயில்லை.

அந்தக் கேள்வி எங்களுக்கு ஏன் பாரமாக இருந்தது என்று எங்கள் தெருக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று இந்த ஊரைவிட்டுப் போன சனம் நாங்கள். புத்தளத்துக் கிறவல் வீதிகளில் வளர்ந்து, வீதி திறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தவர்கள். பக்கத்து ஊர்க்காரரோடு பழைய பழக்கத்தை மறுபடி கட்டுவதற்கு எங்கள் பெரியவர்கள் எத்தனை கலியாண வீடு, எத்தனை செத்தவீடு ஏறி இறங்கினார்கள்! அப்படிச் சேர்த்த நல்ல பெயர் ஒரு சல்லிக்கல்லோடு போய்விடக் கூடாது. அந்தத் தகப்பன் பெருந்தன்மையாக நடந்தார். எல்லாத் தகப்பனும் எல்லா நாளும் அப்படி நடப்பார் என்று எதிர்பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை.

இனி விசயத்துக்கு வருவோம்.

கல் எப்படிப் பறக்கிறது? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லை நனைத்துவிட்டுப் பெடலைச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர்த் துளி வட்டமாகப் போகாது. ரயரை விட்ட இடத்திலிருந்து தொடலி வழியே நேராகப் போகும். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது முன்வரிசைப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு எழும்புவார்கள். கார்ச் சில்லும் இதேதான் செய்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறக்குறைய 16.7 மீற்றர். அந்த வேகத்தில் ஓடுகிற ரயரின் பின்பக்கத்தில், கீழிருந்து 30 பாகை மேலே ஒரு கல் கழன்றால், அது செக்கனுக்கு 8 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தோடு மேல்நோக்கிப் போகும். காற்றுத்தடையை விட்டுக் கணக்குப் பார்த்தால் மூன்று மீற்றருக்கு மேல் எழும்பும். அதே வேகத்தில் பின்னால் வருகிற வாகனத்தில் மோதும்போது அது மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டிய அடியாக இருக்கும்.

கிறவலில் சில்லு வழுக்கிச் சுழன்றால் கதை இன்னும் மோசம். அப்போது ரயரின் அடிப்பகுதி வீதியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கல் மேலே எழும்பாமல் தாழ்வாகப் பின்னால் வருகிறவரை நோக்கிப் பறக்கும். எங்கள் பிள்ளைக்கு நடந்தது அதுதான். ரயர் அகலம் கூடக்கூட அள்ளுகிற கல்லும் கூடும். சில்லு மட்காட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதைத் தடுக்க ஒன்றுமே இல்லை.

இதனால்தான் பந்தயக் கார்களிலேயே மட்ஃபிளாப் பெரிதாகத் தொங்குகிறது. “மட்ஃபிளாப் போட்டால் லொறி மாதிரி இருக்கும்” என்கிற தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும். 1995இல் கொலின் மெக்ரே உலக ரலி சம்பியன் ஆனது சுபாரு இம்ப்ரெசாவில். 2001இல் ரிச்சர்ட் பேர்ன்ஸ், 2003இல் பெற்றர் சோல்பேர்க், அவர்களும் அதே இம்ப்ரெசாவில்தான். அந்தக் கார்களின் படத்தை எடுத்துப் பாருங்கள், சில்லுக்குப் பின்னால் அகலமாகத் தொங்குவது என்ன? நாலு சில்லும் இழுக்கிற காரில் முன்சில்லு அள்ளுகிற கல் தன் கதவின் அடிப்பக்கத்தையே அடித்துப் பெயின்றைப் பெயர்க்கும். பெயர்ந்த இடத்தில் எங்கள் ஊர் உப்புக் காற்றுப் பட்டால் கறள் பிடிக்க எத்தனை நாள்? பண்ணைப் பாலத்தாலும் கல்லுண்டாய் வெளியாலும் தினமும் போகிறவர்களைக் கேளுங்கள்.

மருமகன் மனம் மாறியது சோல்பேர்க்கின் படத்தைப் பார்த்துத்தான் என்று சொல்லிச் சிரித்தான். நாங்கள் நம்பவில்லை. அந்தத் தேத்தண்ணி குடித்த அரை மணித்தியாலம்தான் காரணம். ஆனால் இருபத்தாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு காரணம் தேவை, சொல்லிவிட்டுப் போகட்டும்.

எதைப் போடுவது என்று பார்த்தோம். மூன்று வழி இருந்தது. முதலாவது, லொறிக்குப் போடுகிற ரப்பர். மலிவு, இங்கேயே வாங்கலாம். ஆனால் பாரம் கூட. மெல்லியதை எடுத்தால் வேகமாக ஓடும்போது காற்றில் பின்னுக்கு மடங்கித் தூக்கிக்கொள்ளும், தேவையான நேரத்தில் தடுக்காது. இரண்டாவது, விறைப்பான பிளாஸ்ரிக் தகடு. மடங்காது, ஆனால் கார் தாழ்வானது. குழியிலோ நடைபாதை விளிம்பிலோ இடித்தால் வெடித்துவிடும். மூன்றாவது, பொலியூறித்தேன். வளைந்தாலும் தன் வடிவத்துக்கு வந்துவிடும். விலைதான் கூட. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி, அந்தக் காருக்கென்றே வெட்டிய செட் ஒன்றை மருமகன் எடுப்பித்தான். சிவப்பு நிறம். அதில் மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

பூட்டியது எங்கள் முற்றத்தில். பக்கத்து ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கிற அண்ணன் உதவிக்கு வந்தார். செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் விபரமாக எழுதுகிறோம்.

முதலில் கழுவல். சில்லைக் கழற்றி, மட்காட்டின் உட்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, காயவிட்டோம். உள்ளே இறுகிக் கிடந்த மண் ஒரு வாளி இருக்கும். மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிற இடத்தில்தான் கறள் தொடங்கும் என்று அண்ணன் விரலால் தட்டிக் காட்டினார். ஒரு இடத்தில் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

பிறகு மட்டம் பார்த்தல். புதிய ஃபிளாப்பில் துளை போட முதல் காட்போட் மட்டையில் அச்சு வெட்டி வைத்துப் பார்த்தோம். கார் தன் பாரத்தோடு தரையில் நிற்கும்போதுதான் உயரம் பார்க்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தால் சில்லு கீழே தொங்கும், கணக்குப் பிழைக்கும். அடிவிளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்கு வரும்படி வைத்தோம். அதைவிட மேலே இருந்தால் தாழ்வாகப் பறக்கிற கல் தப்பிவிடும், கீழே இருந்தால் வேகத்தடையில் உரசும். முன்சில்லுக்கு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி மட்டும் திருப்பி, ரயர் ஃபிளாப்பில் முட்டவில்லை என்று உறுதிப்படுத்த வேண்டும்.

துளையை இயன்றவரை புதிதாகப் போடாதீர்கள். கொம்பனி விட்ட ஆணித்துளைகள் மட்காட் விளிம்பில் இருக்கும், அவற்றையே பாவியுங்கள். ஒரு இடத்தில் மட்டும் நாங்கள் புதிதாகத் துளைக்க வேண்டி வந்தது. துளையின் விளிம்புக்குக் கறள் தடுக்கிற பிறைமர் பூசி, அது காய்ந்த பிறகே போல்ட் போட்டோம். போல்ட், நட்டு, வாசர் எல்லாம் ஸ்ரெயின்லெஸ். சாதாரண இரும்பு போட்டால் எங்கள் ஊரில் அடுத்த மழைக்குள் கழற்றவே முடியாது. போல்ட்டை வலிந்து இறுக்கவும் கூடாது, ஃபிளாப் நெளிந்துவிடும். பொடிக்கும் ஃபிளாப்புக்கும் நடுவே சேறு போய் அடையாமல் ரப்பர் வாசர் வைத்துச் சின்ன இடைவெளி விட்டோம். ஒரு கிழமை ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டையும் மறுபடி பார்த்து இறுக்கினோம்.

வேலை செய்துகொண்டே அண்ணன் பழைய கதை சொன்னார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிப்பாகம் ஒன்றும் வராத அந்த நாளில், தேய்ந்த லொறி ரயரை உரித்து அவருடைய தகப்பன் மட்ஃபிளாப் வெட்டுவாராம். “சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட நேரத்திலயும் பின்னால சைக்கிளில வாறவனுக்குச் சேறடிக்கக் கூடாது எண்டு அப்பா சொல்லுவார்” என்றார். நாங்கள் அந்தக் காலத்தில் இங்கே இல்லை. இப்படித்தான், கேட்டுக் கேட்டு அந்த வருடங்களை நாங்கள் அறிகிறோம்.

பூட்டி முடிந்ததும் படம் எடுத்துப் போட்டு விட்டுவிட மனம் வரவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் அளந்து பார்க்காமல் எப்படி விடுவது? உண்மையில், பூட்டுவதற்கு முந்திய சனிக்கிழமையே ஒரு தடவை அளந்து வைத்திருந்தோம். ஆள் போக்குவரத்து இல்லாத ஒழுங்கை ஒன்றில், கார் நின்று எடுக்கிற இடத்துக்கு மூன்று மீற்றர் பின்னால் பழைய வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டினோம். வேறொரு இடத்தில், வெள்ளம் நின்ற பக்கமாக மதிலில் இன்னொரு விரிப்பு. பிள்ளைகள் எல்லோரையும் கேற்றுக்கு உள்ளே நிறுத்தினோம். அடையாளம் போடுகிற வேலை கண்ணாடி உடைந்த பிள்ளைக்கு. புதுக்கண்ணாடியோடு வந்து, கறுப்பு ரேப்பும் அடிமட்டமும் வைத்துக்கொண்டு, எங்களையே வேலை வாங்கினான்.

மட்ஃபிளாப் இல்லாதபோது பின்விரிப்பில் சேறு அந்தப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருந்தது. இடையிடையே கல் பட்ட பொட்டுகள். பூட்டிய பிறகு அதே இடம், அதே ஈரம்: சேறு முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் இரண்டு விசயம் கவனத்தில் பட்டது.

ஒன்று, விரிப்பின் இரண்டு ஓரத்திலும் மேலே வரைக்கும் போகிற ஒடுங்கிய சேற்றுக்கோடு. அளந்தால் இரண்டு விரல் அகலம். மருமகன் போய்க் காரின் பின்னால் குந்தியிருந்து பார்த்தான். ஸ்பேசரால் ரயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஏறக்குறைய அதே அளவு. ஃபிளாப் கொம்பனி சில்லுக்கு வெட்டப்பட்டது. வெளியே நீட்டிய பகுதியை அது மறைக்காது. முதலில் ஸ்பேசரைக் கழற்றச் சொல்லி நாங்கள் சொன்னபோது, “மாமா, கழட்டினா காரின்ர லுக்கே போயிடும்” என்று நின்றவன், அன்று ஒன்றும் பேசாமல் சில்லுச் சாவியை எடுத்தான். அடுத்த ஓட்டத்தில் அந்தக் கோடு இல்லை.

மற்றது, மதில் பக்கத்து விரிப்பு. இதுதான் எல்லோரும் கவனிக்க வேண்டியது. நின்ற வெள்ளத்துக்குள்ளால் 40இல் போனபோது, மட்ஃபிளாப் போட முன்னரும் போட்ட பின்னரும் தண்ணீர் ஒரே அளவுக்குத்தான் மதிலில் அடித்தது. ஆளின் தோள் உயரம். ஃபிளாப் பின்னால் பறப்பதைத் தடுக்கும். ரயர் நசுக்கிப் பக்கவாட்டில் தள்ளுகிற வெள்ளத்துக்கு அதால் ஒன்றும் செய்ய முடியாது. 15இல் போனபோது விரிப்பின் அடியில் கொஞ்சம் நனைந்தது, அவ்வளவுதான். ஓரத்தில் நடந்து போகிற பிள்ளையின் சீருடையைக் காப்பாற்றுவது ஓட்டுகிறவரின் கால்தான். எந்தக் கடையிலும் அதை வாங்க முடியாது. காப்பெட் வீதி வந்த பிறகு எங்கள் ஊரில் எல்லோருடைய காலும் கொஞ்சம் பாரமாகிவிட்டது.

ஆகவே மட்ஃபிளாப் பூட்டினால் கடமை முடிந்தது என்று எவரும் நினைக்க வேண்டாம். வழியில் கிடக்கிற தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று சின்ன வயதில் குர்ஆன் மதரஸாவில் படித்தோம். முள்ளையும் கல்லையும் எடுத்து ஓரத்தில் போடுவதாகத்தான் அப்போது விளங்கியது. ஓரத்தில் கிடக்கிற கல்லை எடுத்து ஆளின் முகத்தில் எறிகிற வாகனத்தை வைத்திருக்கிறவருக்கு அந்தப் பாடம் இன்னும் கூடப் பொருந்தும். பிற சமயத்து உறவுகளுக்கும் தங்கள் பெரியவர்கள் சொன்ன இதே மாதிரி ஒன்று ஞாபகம் வரும். அண்ணனின் அப்பா சொன்னதைப் போல.

கார் வைத்திருக்கிற தம்பிமாரை மட்டும் சொல்லி முடிக்கிறது நியாயமில்லை. கிறவலும் மணலும் ஏற்றுகிற டிப்பர்களில் கிழிந்த ஃபிளாப்போடு ஓடுகிறவை எத்தனை? ஓட்டோவில் முன்சில்லு ஃபிளாப் அறுந்து மாதக்கணக்கில் அப்படியே ஓடுவது இல்லையா? பாடசாலைச் சைக்கிளின் பின்மட்காட்டில் தொங்குகிற ரப்பர்த் துண்டு போய்விட்டால் வாங்கிப் போடுகிறோமா? அதுவும் பின்னால் வருகிற பிள்ளைக்கு உரியதுதான்.

இந்த மழைக்கு முன் எங்களால் இயன்றது இவ்வளவு:

வெட்டிய காட்போட் அச்சுகளை எறியவில்லை. இம்ப்ரெசாவுக்கு உரியது இருக்கிறது. வேறு கார் என்றால் புதிதாக அச்சு வெட்டத் தெரியும். சனிக்கிழமை பின்னேரங்களில் அஸருக்குப் பிறகு முற்றத்தில் இருப்போம். காரோ ஓட்டோவோ கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். மருமகனும் லீவில் வரும்போது நிற்பான். காசு எடுக்க மாட்டோம், போல்ட்டும் ஃபிளாப்பும் உங்களுடையது.

சைக்கிளுக்கான சின்ன ரப்பர் ஃபிளாப் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறோம். பத்தாம் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் வகுப்பு முடிய எங்களிடம் கேட்டு வாங்கலாம்.

வாகனம் ஓட்டுகிற எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். ஒன்றேகாலிலிருந்து இரண்டு மணி வரைக்கும் எந்தப் பாடசாலைக்கு முன்னாலும், வெள்ளம் நின்றால் பதினைந்துக்கு மேலே போக வேண்டாம். கிறவல் ஓரத்திலிருந்து எடுக்கும்போது கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு மெதுவாக எடுங்கள்.

இதை உங்கள் வீட்டு இளம் பிள்ளைகளுக்கும், டிப்பர் வைத்திருக்கிற சொந்தக்காரருக்கும் அனுப்புங்கள். பிழை ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்துகிறோம். எங்களுக்காகவும் அந்தப் பிள்ளைக்காகவும் துஆச் செய்யுங்கள். அவனுக்கு அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை.